மூன்று பவுன் அம்பும் அதன் முன்பாரமும்

காரைக்குடியில் எங்களுக்குப் பழக்கமான நகைப்பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே போய் ஓர் அம்பை நிறுத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். ஆசாரி ஒரு தடவை என்னைப் பார்த்தார், ஒரு தடவை அம்பைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தராசுத் தட்டோ உள்ளங்கை அகலம், அம்போ முழத்துக்கு மேல். டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, அதன் மேல் அம்பைக் குறுக்கே படுக்கவைத்தார். நடுவில் வைத்ததும் முனைப்பக்கம் சாய்ந்து விழப்பார்த்தது. டம்ளர் முனைப்பக்கமாக வரும்படி அம்பை மெல்ல நகர்த்தி வைத்தபோது நின்றது. 23.85 கிராம்.

"மூணு பவுனுக்கு ஒரு குண்டுமணி கம்மி" என்றார்.

எடை பார்க்கத்தான் போனோம். ஆனால் எங்களுக்கு வேண்டிய விடை, அம்பு எந்த இடத்தில் நின்றது என்பதில்தான் இருந்தது.

அம்பு என்னுடையது அல்ல, பெரியப்பா மகனான தம்பியுடையது. டெக்சாஸில் இருக்கிறான். அங்கே வில்லோடு மான் வேட்டைக்குப் போவதற்குச் சட்டப்படி அனுமதி உண்டு, பருவமும் உரிமமும் வைத்திருக்கிறார்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெயரிலேயே வேட்டை உள்ள நம் வேட்டங்குடிகூட 1977 முதல் பறவைகள் சரணாலயம். அதைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நான் எய்வதெல்லாம் தோப்பில் வைக்கோல் கட்டைப் பார்த்துத்தான்.

தம்பியின் சிக்கல் இதுதான். அவனுடையது ரிகர்வ், அதாவது நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்; இழுக்க 45 பவுண்டு விசை வேண்டும். பயிற்சி முனை போட்டு எய்தால் 20 கெஜத்தில் அம்புகள் கொத்தாக விழுகின்றன. அதே எடையில் வேட்டை முனை, அதாவது பக்கவாட்டில் பிளேடு உள்ள அகல முனை போட்டால், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. வாலை ஆட்டிக்கொண்டு போகின்றன. கல்யாணத்துக்கு வந்தவன் பெட்டியில் வில்லையும் ஒரு டஜன் அம்பையும் கொண்டு வந்திருந்தான். "அண்ணே, முன்னால பாரம் ஏத்தணும்ங்கிறாங்க. முனையை மாத்தவா, பித்தளை போடவா, இறகைக் குறைக்கவா, தண்டை வெட்டவா?"

நான்கையும் பார்த்தோம். எனக்குப் படுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திருகி மாட்டுகிற முனையை மாற்றுவதுதான் நல்ல வழி. மற்ற மூன்றில் ஒன்று பயனற்றது, ஒன்று வேட்டைக்கு ஆகாது, ஒன்றில் நான் ஆறு அம்பைக் கெடுத்தேன்.

முன்பாரம் என்றால் என்ன, எப்படி அளப்பது

அம்பின் பாரம் கூடும் புள்ளி அதன் நடுவைத் தாண்டி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை வில்வித்தைக்காரர்கள் எஃப்.ஓ.சி. என்பார்கள். நான் முன்பாரம் என்றே எழுதுகிறேன். அம்பின் வால் நுனியில் நாணைக் கவ்வும் துண்டுக்கு 'நாக்' என்று பெயர்; அதன் பள்ளத்திலிருந்து தண்டு முடியும் இடம் வரை அளக்க வேண்டும், முனையைச் சேர்க்கக் கூடாது. தம்பியின் அம்பில் அது 29 அங்குலம். பாதி 14.5. முனை, இறகு எல்லாம் மாட்டிய நிலையில் அம்பு சாயாமல் நிற்கும் இடம் நாக்கிலிருந்து 17.8 அங்குலம். பாதியைத் தாண்டி 3.3 அங்குலம் முன்னால் வந்திருக்கிறது. 3.3-ஐ 29-ஆல் வகுத்தால் 11.4 சதவீதம்.

அளப்பதற்கு டம்ளர் போதாது, விளிம்பு அகலம். இரும்பு ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி அதன் விளிம்பில் வையுங்கள். அரிவாள்மணையில் வைத்துப் பார்க்கலாமே என்று அப்பத்தா சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் கார்பன் தண்டில் கீறல் விழுந்தால் அந்த அம்பையே தூக்கிப் போட வேண்டியதாகிவிடும்.

பாரம் ஏன் முன்னால் இருக்க வேண்டும்? அம்பு தன் பாரம் கூடும் புள்ளியைச் சுற்றித்தான் திரும்பும். காற்று பின்னால் இருக்கும் இறகைப் பிடித்து இழுக்கிறது. அந்தப் புள்ளிக்கும் இறகுக்கும் இடையே தூரம் கூடக் கூட, அதே இறகு அதிக நெம்புகோல் பலத்தோடு வாலை நேராக்குகிறது. ஏற்றக்கம்பு நீளமாக இருந்தால் தண்ணீர் இறைப்பது லேசாகிறதே, அதே சங்கதி. இதோடு சிவகங்கைச் சீமை வளரியைச் சிலர் ஒப்பிடுவார்கள், அதிலும் ஒரு முனை கனம் என்பதால். அந்த ஒப்புமை பாதிதான் சரி. வளரி சுழன்று போகிற ஆயுதம், அம்பு சுழன்று புரண்டால் தீர்ந்தது கதை.

குறி பார்த்து எய்யும் போட்டிகளில் ரிகர்வ்காரர்கள் பொதுவாக 11 முதல் 16 சதவீதம் வரை வைக்கிறார்கள். வேட்டை அம்புக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 10 முதல் 15. அப்படியானால் தம்பியின் 11.4 ஒன்றும் மோசமில்லையே? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அதற்கு விடை பிறகு அவன் பையிலேயே கிடைத்தது.

ஒரு வார்த்தை அளவைப் பற்றி. அம்பு உலகத்தில் எல்லாமே கிரெயின் கணக்கு. நம் குண்டுமணி ஒரு விதையிலிருந்து வந்த மாதிரி, அது தானியமணியிலிருந்து வந்த நிறை. ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். 23.85 கிராம் என்றால் 368 கிரெயின். அதில் தண்டு 212, முனை 100, முனையைத் திருகும் அலுமினிய இன்சர்ட் 16, மூன்று பிளாஸ்டிக் இறகும் சேர்த்து 30, நாக் 10.

தண்டை வெட்டுவது

இதைச் சட்டென்று முடித்துவிடலாம். 29 அங்குலத்தை 28 ஆக்கினால் முன்பாரம் 11.4-லிருந்து 11.6 ஆகிறது. அவ்வளவுதான். தண்டு குறையும்போது பாதிப் புள்ளியும் கூடவே நகர்கிறது. முன்பாரத்துக்காக யாராவது தண்டை வெட்டச் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். தண்டை வெட்டுவதற்கு வேறு நல்ல காரணம் ஒன்று உண்டு, அதற்கு வருகிறேன்.

இறகைக் குறைப்பது

காகிதத்தில் பார்த்தால் இதுதான் அழகான வழி. நாலு அங்குலப் பிளாஸ்டிக் இறகு மூன்றையும் எடுத்துவிட்டு, அதே நீளத்தில் வான்கோழி இறகு ஒட்டினால் பின்னால் ஏறக்குறைய 21 கிரெயின் குறைகிறது. முன்பாரம் 14.5-க்கு ஏறிவிடுகிறது. முன்னால் 34 கிரெயின் ஏற்றிக் கிடைப்பதை, பின்னால் 21 கிரெயின் இறக்கியே பெற்றுவிடலாம். அம்பும் லேசாகி வேகமாகப் போகும்.

ஆனால் வேட்டைக்காரனுக்கு லேசான அம்பு எதற்கு? 368 கிரெயினை 45 பவுண்டுக்குப் பங்கிட்டால் பவுண்டுக்கு 8.2 கிரெயின். ரிகர்வில் 8-லிருந்து 10 வரை வைத்துக்கொள்வது பாதுகாப்பான வழக்கம். இறகு மாற்றினால் 7.7-க்கு இறங்குகிறது. லேசான அம்பு வில்லின் விசையை முழுதாக வாங்கிக்கொள்ளாது, மிச்ச விசை வில்லிலேயே அதிரும், சத்தமும் கூடும்.

இதில் இன்னொரு வழியும் உண்டு: பிளாஸ்டிக்கையே வைத்துக்கொண்டு அளவைச் சிறிதாக்குவது. வேட்டை முனைக்கு அது கூடவே கூடாது. பயிற்சி முனை வழவழப்பான கூம்பு. வேட்டை முனையின் பிளேடுகளோ முன்னால் வைத்த சிறகு. அம்பு கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் அந்தப் பிளேடு காற்றைப் பிடித்து அம்பைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பும். முன்னால் ஒரு சிறகு இழுக்கும்போது பின்னால் இருக்கும் சிறகைச் சிறிதாக்குவது, வண்டியில் ஸ்டியரிங் ஆடுகிறதென்று பிரேக்கைக் கழற்றுவது போல.

எடைக்காக இல்லாமல் வேறு காரணத்துக்காக வான்கோழி இறகு போடலாம். அம்பைத் தாங்கும் தனி ரெஸ்ட் இல்லாமல் வில்லின் திண்டிலேயே அம்பை வைத்து எய்பவர்களுக்கு அதுதான் சரி. உரசினாலும் மடங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் எகிறும். மழையில் நனைந்தால் இறகு படுத்துவிடும். ஓர் அம்பில் இடது சிறகு இறகையும் வலது சிறகு இறகையும் கலந்து ஒட்டக் கூடாது, அவற்றின் வளைவு எதிரெதிர். தம்பி ரெஸ்ட் வைத்திருக்கிறான், அவன் போகும் காட்டில் மழையும் உண்டு. பிளாஸ்டிக்கே இருக்கட்டும் என்று விட்டோம்.

பித்தளை இன்சர்ட், நான் கெடுத்த ஆறு அம்பு

16 கிரெயின் அலுமினியத்துக்குப் பதில் 50 கிரெயின் பித்தளை போட்டால் முன்பாரம் 14.5. 100 கிரெயின் பித்தளை போட்டால் 18. எனக்கு 18 என்ற எண் பிடித்துப்போய்விட்டது. தம்பி ஒரு பொட்டலம் 100 கிரெயின் பித்தளை வாங்கி வைத்திருந்தான். இரண்டு டியூப் கலந்து ஒட்டுகிற பசையை எடுத்து ஒரே ராத்திரியில் ஆறு அம்புக்கும் ஒட்டி முடித்தேன். அவன் கேட்டான்: "ஒண்ணை மட்டும் ஒட்டிப் பாத்துட்டு மத்ததை ஒட்டலாமாண்ணே?" நான் கேட்கவில்லை.

மறுநாள் பள்ளத்தூர் பக்கம் தோப்பில், கண்மாய்க் கரையைப் பின்னால் வைத்து, இருபது தப்படியில் எய்தோம். நாண் விட்டதும் வில்லின் கைப்பிடியில் அம்பு 'டக்' என்று தட்டுகிற சத்தம். கெண்டை மீன் வாலடிப்பது போல அம்பு நெளிந்து போய் வைக்கோல் கட்டில் சாய்வாகக் குத்தி நின்றது. வாலைப் பார்த்தாலே தெரிந்தது, இடது பக்கம் விலகி நின்றது.

எங்கே தப்பு? தண்டின் விறைப்பில். அதை ஸ்பைன் என்பார்கள். 29 அங்குலத் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்பதே அளவு. அரை அங்குலம் தொய்ந்தால் 500 ஸ்பைன். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். தம்பியிடம் இருந்தது 500.

ரிகர்வில் விரல்கள் நாணை விட்டதும் அம்பு நேராகப் போவதில்லை. பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது, முன்னால் பாரம் நகர மறுக்கிறது, நடுவில் தண்டு வளைகிறது. வளைந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, இப்படி ஆடிக்கொண்டே போய்ப் பிறகுதான் நேராகிறது. முன்னால் பாரம் கூடினால் நாண் தள்ளும்போது தண்டு இன்னும் அதிகமாக வளையும். முன்பாரம் ஏற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் தண்டை நோஞ்சானாக்கிவிட்டேன்.

இதைக் கண்டுபிடிக்க இறகில்லாத அம்பைவிட நல்ல கருவி இல்லை. மூன்று அம்பை இறகோடும், ஒன்றை இறகை உரித்துவிட்டும் ஒரே குறிக்கு எய்யுங்கள். இறகு எல்லாத் தப்பையும் மூடிவிடும், மொட்டை அம்பு மூடாது. வலது கைக்காரருக்கு மொட்டை அம்பு கொத்துக்கு வலப்பக்கம் போனால் தண்டு விறைப்புப் போதவில்லை, இடப்பக்கம் போனால் விறைப்பு அதிகம். மேலே போனால் நாணில் நாக் மாட்டும் இடம் தாழ்ந்திருக்கிறது, கீழே போனால் உயர்ந்திருக்கிறது. எங்கள் மொட்டை அம்பு ஒரு சாண் வலப்பக்கம்.

தண்டைக் குட்டையாக்கினால் விறைப்பு கூடும். வெட்டுவதற்கு உண்மையான காரணம் இதுதான். முன்னால் பித்தளை ஒட்டியாகிவிட்டதால் நாக் பக்கமிருந்து, இறகை உரித்து, கால் கால் அங்குலமாக வெட்டினோம். 28 அங்குலம் வந்தும் நாலு விரல் வலப்பக்கமே. தம்பி இழுக்கிற தூரமே 28 அங்குலம். அதற்கு மேல் வெட்டினால் முழுக்க இழுக்கும்போது அம்பு ரெஸ்டைத் தாண்டிப் பின்னால் விழும், கையைக் கிழிக்கும். நிறுத்திவிட்டோம். சூடு காட்டிப் பித்தளையைக் கழற்றலாமே என்பீர்கள். அந்தப் பசை இளகுகிற சூட்டில் கார்பனும் கெடும். ஒட்டத்தான் வேண்டுமென்றால் சூட்டில் இளகும் குச்சிப் பசையால் ஒட்டுங்கள், கொஞ்சம் வெந்நீர் காட்டினாலே கழன்று வரும். ஆனால் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அந்த அம்பை விட்டு வைக்காதீர்கள்.

பித்தளையைக் குறை சொல்ல மாட்டேன். 400 ஸ்பைன் தண்டு புதிதாக வாங்கி, அதற்கென்றே கட்டினால் கனமான பித்தளை அருமையான அம்பைத் தரும், முனைக்குப் பின்னால் தண்டு பிளக்காமலும் காக்கும். கையில் இருக்கிற தண்டைச் சரிசெய்ய அது வழியில்லை.

முனையை மாற்றுவது

மிச்சம் ஆறு அம்பு. 100, 125, 150, 175 கிரெயின் பயிற்சி முனை ஒவ்வொன்றிலும் இரண்டு தம்பியிடம் இருந்தன. திருகிக் கழற்றி அடுத்ததை மாட்ட அரை நிமிடம். 125 போட்டால் முன்பாரம் 13.9, 150 போட்டால் 16.1, 175 போட்டால் 18.1. பித்தளையில் கிடைத்த எண்கள்தான், பசை மட்டும் இல்லை. பிடிக்கவில்லையென்றால் திருகினால் போயிற்று. என் மனசில் இந்த வழி முதலிடம் பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

மொட்டை அம்பில் 100 கிரெயின் முனை போட்டபோது மூன்று விரல் இடப்பக்கம். பாருங்கள், தண்டு கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்திருக்கிறது. 125-க்குக் கிட்டத்தட்ட நேர். 150-க்கு மூன்று விரல் வலப்பக்கம். 125-லேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவிடாமல் செய்தது அவன் பை.

அம்புப் பைக்குள் சின்னப் பொட்டலம் ஒன்று இருந்தது. திறந்தால் விளக்கு எரிகிற நாக். அந்தி மங்கலில் அம்பு எங்கே போய் விழுந்தது என்று தெரிவதற்காகப் போடுவது, உள்ளே குட்டி பேட்டரி. "அது வேட்டைக்கு மட்டும்ணே, பயிற்சிக்குப் போட மாட்டேன். விலை ஜாஸ்தி." நிறுத்துப் பார்த்தோம். 25 கிரெயின். சாதா நாக்கைவிட 15 கூடுதல், அதுவும் அம்பின் கடைசி நுனியில். பழைய 100 கிரெயின் முனையோடு இந்த நாக்கைப் போட்டு ஸ்கேல் விளிம்பில் வைத்தால் அம்பு நின்ற இடம் 17.1. முன்பாரம் 9 சதவீதம்.

பயிற்சியில் 11.4, காட்டில் 9. காட்டில்தான் முன்னால் பிளேடும் சேர்கிறது. ஒரு வருஷமாக அவன் ஒரு அம்பில் பழகி வேறொரு அம்பை வைத்து வேட்டையாடியிருக்கிறான்.

பின்னால் ஒரு கிரெயின் ஏறினால் அதை ஈடுகட்ட முன்னால் ஒன்றுக்கு மேல் ஏற்ற வேண்டும். விளக்கு நாக் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அடிபட்ட மானை இருட்டில் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போவதுதான் பெரிய பாவம் என்றான், அதற்கு மேல் நான் பேசவில்லை. அப்படியானால் அந்த நாக்கையும் மாட்டியே எல்லாவற்றையும் சரிசெய்வோம் என்று 150-க்குப் போனோம். தண்டை அரை அங்குலம் வெட்டி 28.5 ஆக்கியதும் மொட்டை அம்பு கொத்துக்குள் வந்து நின்றது. மொத்த எடை 429 கிரெயின், பவுண்டுக்கு 9.5. முன்பாரம் 14.

வேகம் குறையாதா? குறையும். வினாடிக்கு 180 அடி போன அம்பு 170-க்கு வந்தது என்று வைத்துக்கொண்டாலும், 20 கெஜத்தில் விழும் வித்தியாசம் மூன்று அங்குலத்துக்குள். ரிகர்வோடு அதற்கு மேல் தூரத்தில் மானைப் பார்த்து எய்யவும் கூடாது. ஐம்பது மீட்டரில் குறி பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு, அவர்களுக்கு ஒவ்வொரு கிரெயினும் குறியைக் கீழே இறக்கும். எடையைத் தண்டுக்குள் குழாய் நுழைத்து ஏற்றுகிறவர்களும் உண்டு. அது நீளம் முழுக்கப் பரவுவதால் எடை ஏறும், முன்பாரம் சதவீதம் இறங்கும்.

நம்மூர்ப் பிள்ளைகள் இந்தியன் ரவுண்டு என்ற போட்டிக்கு மூங்கில் அம்பு வைத்திருப்பார்கள். 30 மீட்டர், 50 மீட்டர் எய்கிறவர்கள். அவர்களுக்கு இத்தனை தொந்தரவு இல்லை. மூங்கிலின் தடித்த அடிப்பக்கம் முனைக்கு வருகிற மாதிரி அம்பைக் கட்டினாலே பாரம் தானாக முன்னால் வந்துவிடும். ஒரே கட்டில் உள்ள அம்புகளை நிறுத்து, நெருங்கிய எடை உள்ளவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டால் போதும். இன்னும் பழசு வேண்டுமென்றால் விஜயதசமிக்கு மகர்நோன்புப் பொட்டலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே விடுகிற அம்புக்கு ஸ்பைனும் கிடையாது, கிரெயினும் கிடையாது. சாமி அம்பு எப்படிப் போனாலும் அசுரன் மேல்தான்.

கார்பன் அம்பு வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒவ்வொரு தடவை எய்வதற்கு முன்பும் தண்டை முகத்திலிருந்து விலக்கிப் பிடித்து இரு கையாலும் லேசாக வளைத்துச் சத்தம் கேளுங்கள். நறநறவென்றால் உடைத்துப் போட்டுவிடுங்கள். வெடித்த கார்பன் நாண் விடும்போது சிதறிக் கையில் ஏறும்.

தம்பி ஊருக்குப் போய் 150 கிரெயின் வேட்டை முனை வாங்கி, விளக்கு நாக்கோடு எய்து பார்த்துவிட்டுப் படம் அனுப்பினான். இரண்டு பயிற்சி முனை, இரண்டு வேட்டை முனை, 20 கெஜம், நாலும் ஒரு முஷ்டிக்குள். முனை வாங்குவதற்கு முன் பயிற்சி முனையில் எடையை முடிவுசெய்துகொண்டது நல்லதாகப் போயிற்று, வேட்டை முனை விலைக்கு அது ஒரு சேமிப்பு.

பித்தளை ஒட்டிய ஆறும் எங்கள் வீட்டு முகப்பில் மூலையில் சாய்ந்து நிற்கின்றன. ஒன்றை அப்பத்தா பரணிலிருந்து வற்றல் கூடையை இழுக்க எடுத்துக்கொண்டார். மற்ற ஐந்தையும் 35 பவுண்டு வில் வைத்திருக்கும் பக்கத்துத் தெருப் பையன் கேட்கிறான். 45-க்கு நோஞ்சானாக இருந்த தண்டு 35-க்குச் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் இறகை உரித்து மொட்டையாக எய்யச் சொல்லியிருக்கிறேன். அவனும் 28 அங்குலத்துக்கு மேல் இழுக்காதவனாக இருந்தால்தான் கொடுப்பேன்.